பதினாலாம் பெட்டி

"எங்கப்பா கால்ல இருக்கிற விலங்கைக் கழட்டுங்க சார். இப்பவே கழட்டுங்க."

இதைத்தான் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். காலையில் நான் செருப்பை மாட்டும்போது வாசலில் குறுக்கே நின்றுகொண்டு, "போ, கையில கால்ல விழுந்தாவது லீவு வாங்கி அவரைக் கூட்டிட்டு வா. ஆனா அந்த விலங்கப் பத்தி மட்டும் வாயத் திறக்காதே. உன் வேலை ஆர்டர் அந்த ஆளு மேஜையில கெடக்கு" என்றாள். நானும் சரி என்றுதான் வந்தேன். கோட்டை அகழிப் பாலத்தைத் தாண்டி, பீரங்கிகளைத் தாண்டி, படியேறும்வரை சரி என்றுதான் இருந்தேன். மேலாளர் அறைக்குள் நுழைந்ததும் முதலில் வந்து விழுந்தது அதுதான்.

அவர் கோபப்படவில்லை. அந்த அறை வெள்ளைக்காரன் காலத்தில் கோட்டைத் தளபதியின் அறை. அவன் மேஜை, அவன் நாற்காலி, சுவரில் அவன் படம். அந்த நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து மேலாளருக்கு முதுகே அதன் வளைவுக்கு வந்துவிட்டிருந்தது.

"உக்காரும்மா. தண்ணி குடி."

"உக்கார நேரமில்ல சார். ரெண்டு மணிக்குள்ள ஆஸ்பத்திரியில சேர்க்கணும். மணி பதினொண்ணு ஆகப்போகுது."

என் அப்பா இந்தக் கோட்டையில் கைதி. மறைக்க ஒன்றுமில்லை. தெருவில் எல்லோருக்கும் தெரியும். "கைதி பொண்ணு பஸ்ஸைப் பிடிக்க ஓடுறா பாரு" என்பார்கள். கல்லூரி விண்ணப்பத்தில் மட்டும் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'அருங்காட்சியக ஊழியர்' என்று எழுதினேன். அதுவும் பொய்யில்லை. முன்பு கோட்டையில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார். மூன்று வருடம் முன்னால் புது நிர்வாகம் வந்து, காலி அறையைப் பார்க்க எவன் வருவான் என்று, ஆட்களுக்கு வேடம் போட்டு உட்கார வைத்தது. உயரமாக இருந்த டிக்கெட் கிழிப்பவர் வெள்ளைக்காரத் துரை ஆனார். தோட்டக்காரர்கள் சிப்பாய் ஆனார்கள். விலா எலும்பு தெரிய ஒல்லியாக இருந்த அப்பாவைக் கீழே இருட்டறையில் உட்கார வைத்துக் காலில் விலங்கு மாட்டினார்கள். "உங்க முகத்துல நூத்தைம்பது வருஷத்துச் சோகம் இருக்கு" என்று மேலாளர் பாராட்டினாராம். அப்பா அதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கைதி ஆன நாளிலிருந்து எங்கள் இருவரையும் அவர் கோட்டைப் பக்கம் வரவிட்டதில்லை.

இரண்டு மாதமாக இடது கணுக்காலில் புண். கல் இடித்துவிட்டது என்றார். சர்க்கரை உடம்பு, புண் ஆறவில்லை. நேற்று அம்மா கட்டைப் பிரித்தபோது அடித்த நாற்றத்தில் நான் எழுந்து வெளியே ஓடினேன். அப்புறம் திரும்பி வந்து, அவரை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். டாக்டர் பாதத்தில் ஊசியால் குத்தினார். அப்பா மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு, "குத்துங்க டாக்டர், எனக்கொண்ணும் பயமில்ல" என்றார். அதற்குள் நாலு தடவை குத்தியாகிவிட்டது.

டாக்டர் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்தார். "ரெண்டு விரல் கறுத்துடுச்சு. நாளைக்கு ரெண்டு மணிக்குள்ள சேர்த்தீங்கன்னா விரலோட முடிச்சிடுவேன். இன்னும் ஒரு நாள் இந்தக் காலை ஊன வெச்சீங்கன்னா முட்டிக்குக் கீழ எதுக்கும் நான் பொறுப்பில்ல."

வருகிறேன் என்று தலையாட்டிய மனிதர், இன்று விடிந்து நாங்கள் எழுவதற்குள் வேலைக்குப் போய்விட்டார்.

மேலாளரிடம் இதையெல்லாம் சொன்னேன். உச்சுக் கொட்டிக்கொண்டு கேட்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத மாதிரி.

"பாவம்தான். ஆனா விலங்குன்னு சொல்றியே, அது ஃபைபர்ம்மா. வெறும் பொம்மை. வளையல் கனம்கூட இருக்காது. அதுவா புண்ணாக்கும்? அசல் மேல பதினாலாம் பெட்டியில இருக்கு, போய்ப் பாரு. வரலாறு படிச்ச பொண்ணுதானே?" மேஜையிலிருந்த ஒரு தாளை என் பக்கமாக நகர்த்தினார். என் பெயர் தட்டச்சில் இருந்தது. வழிகாட்டி. தற்காலிகம் இல்லை, நிரந்தரம். "பார்த்துட்டு, அப்பாவையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வா. அவர் போறேன்னா நானா பிடிச்சு வெக்கப்போறேன்? வந்து இதுல கையெழுத்துப் போடு."

அவர் சிரித்த சிரிப்பில் அப்பா என்ன சொல்வார் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவள் நான் ஒருத்திதான். பட்டம் வாங்கி ஒன்றரை வருடம். அதற்குள் பதினேழு இடத்தில் நேர்முகத் தேர்வு. "அனுபவம் இருக்கா? தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" எனக்குத் தெரிந்த பெரிய மனிதர் ஒரே ஒருவர், அவரும் காலில் விலங்கோடு உட்கார்ந்திருக்கிறார். அந்தத் தாளை நான் எப்படிப் பார்த்திருப்பேன் என்று எழுத வேண்டியதில்லை. பசித்தவள் இலையைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன்.

ஆனாலும் அதைத் தொடாமல் மேல்மாடிக்குப் போனேன்.

பதினாலாம் பெட்டி ஜன்னலில்லாத ஒரு மூலையில் இருந்தது. உள்ளே சின்ன விளக்கு. ஈரம் ஏறாமல் இருக்க ஒரு பொட்டலம், ஒரு வெப்பமானி. கீழே அட்டை: 'கைதி விலங்கு. இரும்பு. அசல். எடை நான்கு கிலோ முந்நூறு கிராம். தொடாதீர்கள்.'

கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்தேன். வளையத்தின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில், பொம்மைக் காரின் அடியில் ஓடுமே, அப்படி ஒரு கோடு. அச்சில் வார்த்த கோடு. கொல்லன் அடித்த இரும்பில் அது வராது. பக்கத்தில் கறுப்புச் சாயம் உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது.

அட்டையை இன்னொரு தடவை படித்தேன்.

பொம்மை இங்கே இருக்கிறது என்றால் அசல் எங்கே?

படியில் எப்படி இறங்கினேனோ தெரியாது. வெடிமருந்துக் கிடங்கைத் தாண்டி, தலை இடிக்கும் வளைவைத் தாண்டி, சுவரில் நீர் கசியும் ஒரு சந்து. அதன் கடைசியில் கயிறு கட்டிய ஓர் அறை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் சிவப்புக் கோட்டும் பித்தளைப் பொத்தானுமாகத் துரை நின்றுகொண்டிருந்தார். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. சின்ன வயதிலிருந்து எனக்கு அவர் மாமா.

"ஏய், நீ எங்கடி இங்க?" என்றார் துரை, அட்டைக் கத்தியைப் பின்னால் மறைத்துக்கொண்டு. "உங்கப்பன் பார்த்தா தொலைச்சுப்புடுவான்."

"மாமா, மாத்தினது யாரு?"

"எதை?"

"நடிக்காதீங்க. பெட்டியில பொம்மை இருக்கு."

சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். அந்த ஆறடி உருவம் கோட்டுக்குள்ளேயே சிறுத்துப்போனது. "எவனோ ஒருத்தன் வந்தவன் கருத்துப் புத்தகத்துல எழுதிட்டுப் போய்ட்டான். 'கைதியின் சங்கிலி பிளாஸ்டிக், சத்தமே இல்லை, ஏமாற்று வேலை'ன்னு. மறுநாளே சார் ரெண்டையும் இடம் மாத்திட்டாரு. கண்ணாடிக்குள்ள இருக்கிறதை எவன் தட்டிப் பார்க்கப் போறான்? இங்க சத்தம் வேணும்."

"எப்ப?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"நீங்க பார்த்துட்டு சும்மா இருந்தீங்க."

"இன்னொரு கால்ல மாத்திப் போடலாம்னு நான்தான் சொன்னேன். ஜனம் நிக்கிற பக்கம் இடது கால்தான் தெரியுது, அதுலதான் இருக்கணும்னாரு." வேறு எங்கோ பார்த்தார். "சாவி என்கிட்டத்தான் இருக்கு. காலையில பூட்டுறதும் நான்தான், சாயங்காலம் திறக்கிறதும் நான்தான். திட்டணும்னா திட்டிக்கோ."

கயிற்றின் அடியில் நுழைந்து உள்ளே போனேன்.

அப்பா கல் மேடையில் உட்கார்ந்திருந்தார். கிழிந்த சாக்குத் துணியில் ஒரு சட்டை. முகத்தில் கரி பூசியிருந்தது. காலடிச் சத்தம் கேட்டதும், யாரென்று பாராமலே கையை நீட்டிக் காலை அசைத்தார். சங்கிலி கல்லில் உரசிய சத்தம் பல்லைக் கூச வைத்தது. "தண்ணி..." என்றார். "ஐயா, தண்ணி..."

அது அவருடைய வசனம். ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை சொல்வாராம்.

"அப்பா. நான்தான்."

கை நீட்டியபடியே நின்றது. அந்த முகத்தில் கோபம்தான் வரும் என்று நினைத்தேன். வெட்கம் வந்தது. சாக்குச் சட்டையைக் கீழே இழுத்து முட்டியை மூடிக்கொள்ளப் பார்த்தார்.

"இங்க எதுக்கும்மா வந்த?"

"ஆஸ்பத்திரிக்கு. எழுந்திருங்க."

"ஆர்டர் குடுத்தாரா?"

"மேஜையில இருக்கு. எழுந்திருங்கப்பா, மணி பதினொண்ணரை."

"முதல்ல கையெழுத்துப் போட்டுட்டு வா. அப்புறம் பேசிக்கலாம். சீசன் முடிய ரெண்டு மாசம்தான். அதுவரைக்கும் உக்காருன்னாரு, உக்கார்றேன். நடுவுல எழுந்தேன்னா அந்தத் தாள் இழுப்பறைக்குள்ள போயிடும். அந்த ஆளை எனக்குத் தெரியும்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு வலிக்கவே இல்லம்மா. சத்தியமா வலிக்கல."

"வலிக்காததுதான்ப்பா வியாதியே!"

குனிந்து பார்த்தேன். துணியைச் சுற்றி, அதன்மேல் இரும்பு. துணி எது, தோல் எது என்று தெரியவில்லை. துருவும் சீழும் கலந்து கல்லில் சொட்டு விழுந்து காய்ந்திருந்தது. வளையத்துக்குள் விரலை விட்டுத் தூக்கிப் பார்த்தேன். நாலு கிலோ முந்நூறு கிராம். அட்டை பொய் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு கூட்டம் வந்துவிட்டது. இருபது பேர் இருக்கும். குழந்தைகள், கைபேசிகள். நான் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்தேன்.

"மாமா, சாவியக் குடுங்க" என்று கத்தினேன். துரை அசையவில்லை. "கழட்டுங்க! யாராவது கழட்டச் சொல்லுங்க! இவர் கால் அழுகிப்போச்சுங்க! இது நிஜ விலங்கு, மேல பெட்டியில இருக்கிறதுதான் பொம்மை. இன்னிக்கு ரெண்டு மணிக்குள்ள போகலைன்னா காலை வெட்டிடுவாங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

கூட்டத்தில் ஒருவர் கை தட்டினார். உடனே எல்லோரும் தட்டினார்கள்.

"கைதியோட பொண்ணு போல இருக்கு. புதுசா சேர்த்திருக்காங்க."

"என்னமா அழுறா பாரேன்! போன தடவை வந்தப்ப இது இல்ல."

"டேய், தள்ளி நில்லுடா, அக்காவ மறைக்கிற."

நான் நடிக்கவில்லை என்று சொன்னேன். சொல்லச் சொல்ல அதிகமாகத் தட்டினார்கள். அப்போது எனக்குப் பின்னாலிருந்து சங்கிலி சத்தம் கேட்டது. திரும்பினேன். அப்பா கையை நீட்டிக்கொண்டிருந்தார். கண் என் கண்ணைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்கு நேராக, நடுங்கும் குரலில் சொன்னார்:

"தண்ணி... ஐயா, தண்ணி..."

என்னைக் காப்பாற்றுகிறாராம். என் வேலையைக் காப்பாற்றுகிறாராம். நான் போட்ட கூச்சலை நாடகமாக்கிவிட்டால் மேலாளரிடம் தப்பித்துவிடலாம் என்று, அந்தக் காலை ஆட்டுகிறார். என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு மோசமாக அடித்ததில்லை.

கயிற்றோரமாக நின்ற ஒரு பெண் மட்டும் மூக்கைச் சுருக்கினாள். குனிந்து காலைப் பார்த்தாள். முகம் மாறிற்று. ஏதாவது சொல்வாள் என்று அவளையே பார்த்தேன். பிள்ளையின் கண்ணைப் பொத்தி இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் போனார்கள். நாற்றம் சந்து முழுக்கப் பரவியதும் கூட்டம் தானாகக் கலைந்தது. ஒருவன் மட்டும் கடைசிவரை படம் எடுத்துவிட்டுப் போனான்.

மேலாளர் கையில் தாளோடு வந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

"நல்லாத்தான் பேசற" என்றார். உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தார். "மேல வரைக்கும் கைதட்டல் கேட்டுது. இதைத்தான் நான் தேடிட்டு இருந்தேன். இந்தா பேனா. போட்டுட்டு இன்னிக்கே ஆரம்பி. அடுத்த மாசம் அப்பாவுக்கு ஒரு வாரம் லீவு தர்றேன், சம்பளத்தோட. போதுமா?"

"அடுத்த மாசம் லீவுல வர எங்கப்பாவுக்குக் கால் இருக்காது சார்."

"எல்லாத்துக்கும் எடக்கு முடக்காப் பேசாதே. பெட்டி விஷயத்தை வெளியில சொல்லலாம்னு நினைப்பிருந்தா, பூட்டினது யாரு, போட்டுக்கிட்டது யாருன்னு எல்லாம் கேள்வி வரும். உங்கப்பா வேலையும் போகும், துரை வேலையும் போகும்."

"போடும்மா" என்றார் அப்பா. கெஞ்சினார். "கண்ணு, போட்டுடும்மா. உன்னைப் படிக்க வெச்சதுக்கு இதைத் தவிர நான் வேற எதையும் கேக்கல. நிரந்தர வேலை, மாசாமாசம் சம்பளம். ஒரு கையெழுத்து."

பேனாவை வாங்கினேன். பொய் சொல்லப் போவதில்லை. கை தாளுக்குப் போயிற்று. போட்டுவிட்டு அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமே என்று ஒரு கணக்கு மனதில் ஓடிற்று. ஆனால் எழுந்தால் தாள் போய்விடும் என்று நம்புகிறவர், தாள் வந்த பிறகு மட்டும் எழுந்துவிடுவாரா? இன்று ஆர்டர், நாளை முதல் சம்பளம், அதற்கடுத்து வேலை உறுதி ஆகட்டும் என்பார். நான் இந்தக் கோட்டையில் இருக்கிறவரை அவரும் இந்தக் கல்லில்தான் இருப்பார். எனக்கு ஒன்று மிச்சமிருக்கிறவரை அதற்குக் காலைக் கொடுப்பார், கால் தீர்ந்தால் கையைக் கொடுப்பார்.

பேனாவை மேலாளரிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"எனக்கு இந்த வேலை வேண்டாம்."

"என்ன சொன்ன?"

"தமிழ்லதானே சொன்னேன். வேண்டாம். இன்னிக்கும் வேண்டாம், சீசன் முடிஞ்சும் வேண்டாம். வேணும்னா எழுதித் தர்றேன்." தாளை வாங்கி நாலாகக் கிழித்தேன். சினிமாவில் வருகிற மாதிரி பறக்கவிடவில்லை. மடித்து மேடையில், அப்பா பக்கத்தில் வைத்தேன்.

அப்பா என்னைப் பார்த்தார். "பாவி" என்றார். "பாவி மவளே, என்ன காரியம் பண்ணிட்ட..." கரி பூசிய கன்னத்தில் கண்ணீர் ஒரு கோடு போட்டுக்கொண்டு இறங்கியது.

"திட்டுங்க. வீட்டுக்கு வந்தும் திட்டுங்க. அம்மாவும் திட்டுவா. ஆனா இப்ப சொல்லுங்க, இனிமே யாருக்காக இங்க உக்காருவீங்க?"

அப்பா கிழிந்த துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தார்.

"உங்கப்பன் வேலை போனா வீட்டுல அடுப்பு எப்படி எரியும்னு யோசிச்சியா?" என்றார் மேலாளர்.

"யோசிச்சேன் சார். எரியாது. நேத்து ராத்திரியெல்லாம் அதைத்தான் யோசிச்சேன்."

துரையின் பக்கம் திரும்பினேன். "மாமா, நான் போய் வண்டி கூட்டிட்டு வர்றேன். பாலத்துக்கு இந்தப் பக்கம், படி வரைக்கும் வரச் சொல்லுவேன். அதுக்குள்ள திறந்தீங்கன்னா சரி. திறக்கலைன்னாலும் சரி, விலங்கோடயே தூக்கிட்டுப் போவேன். டாக்டர்கிட்ட ரம்பம் இருக்கு. காலை அறுக்கிறதா இரும்பை அறுக்கிறதான்னு அவர் பார்த்து முடிவு பண்ணட்டும்."

"அது அருங்காட்சியகச் சொத்து!" என்று கத்தினார் மேலாளர். "வெளியில போச்சுன்னா போலீஸ் வரும்!"

"வரட்டும். பெட்டியில இருக்கிறது என்னன்னு அவங்களும் வந்து பார்க்கட்டும்."

கயிற்றின் அடியில் குனிந்து வெளியே வந்தேன். சந்தில் அடுத்த கூட்டம் எதிரே வந்துகொண்டிருந்தது. வழிகாட்டி ஒருவர் அவர்களிடம், சத்தம் போடாமல் வாருங்கள், கைதி உள்ளே இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுவரோரமாக ஒதுங்கி அவர்களுக்கு வழிவிடத் தோன்றியது. விடவில்லை. நடுவிலேயே நடந்தேன். அவர்கள்தான் ஒதுங்கினார்கள்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. பாலத்துக்கு அந்தப் பக்கம் மூன்று வண்டிகள் நின்றன. மணி பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம். முதல் வண்டிக்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கினேன்.